எப்படியும், எப்படியாவது

"கையைத் தூக்கு, கையைத் தூக்குட்டி" என்று அமலி மூன்றாவது தடவையாகக் கத்தினாள். இசக்கி தூக்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு நேராக வந்த நஸ்ரினுக்கு, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளுக்கு ஒதுங்கிக் கொடுப்பது போல அரை அடி விலகி வழி விட்டாள். நஸ்ரின் தடுக்க ஆளில்லாமல் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு, போட்ட சந்தோஷம் முகத்தில் இல்லாமல் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் பார்த்தார்கள். அமலி விசிலை வாயில் வைத்தாள், ஊதவில்லை, பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு நின்றாள். ஊதினால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஏதாவது சொல்ல வேண்டும். "திரும்ப" என்று மட்டும் சொன்னாள். திரும்ப வந்தாள் நஸ்ரின், திரும்ப ஒதுங்கினாள் இசக்கி. இந்தப் பதினாறு வயசுப் பிள்ளையை விட நன்றாகத் தடுக்கிறவள் பதினெட்டு வருஷத்தில் அமலியின் கைக்கு வந்ததில்லை. உயரம் சுமார்தான், பந்து போடவும் பெரிதாக வராது, ஆனால் இடுப்பை இறக்கிக் காலைப் பரப்பி நின்றாள் என்றால் எதிரில் வருகிறவளுக்குப் பாதை என்று ஒன்று இருக்காது. பந்தைப் பார்க்காதே, கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார், ஆள் எந்தப் பக்கம் போவாள் என்று இடுப்புதான் சொல்லும் என்று ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு முறை சொன்னது. அதன் பிறகு அவளுக்கு எதையும் இரண்டு முறை சொன்னதில்லை. ஒரே முறை. அமலிக்கு அந்த இடத்தில் நினைப்பு மாட்டிக்கொண்டது. ஒரே முறை சொன்னால் போதும் அவளுக்கு. அன்றைக்கும் ஒரே முறைதான் சொன்னது.

மணி நாலே முக்கால். கடல்பக்கமிருந்து காற்று ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் சிமெண்டுத் தரையில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும், பந்து பிசுபிசுக்கும், பிள்ளைகள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து ஆடுவார்கள். தூத்துக்குடியில் எந்த வளையமும் மூன்று வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை, உப்பு தின்றுவிடும். போன மாதம்தான் கிழக்குப் பக்க வளையத்துக்கு ஆரஞ்சு பெயிண்ட் அடித்தார்கள், அதற்குள் திட்டுத் திட்டாகச் செம்மண் நிறம். ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கடிதம் பைக்குள் இருக்கிறது, பை பெஞ்சில் இருக்கிறது, பெஞ்சை அவள் பார்க்காமல் நிற்கிறாள். தலைமை ஆசிரியை சிஸ்டர் பெர்னதெத் மதியமே டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். போட்டி நடத்தியவர்கள் விளக்கம் கேட்டு இரண்டு தடவை எழுதிவிட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பதில் போயாக வேண்டுமாம். "மேற்படி ஆட்டத்தில் எங்கள் பள்ளி மாணவி இசக்கியம்மாள் செய்த தவறு அவர் தன்னிச்சையாகச் செய்ததே ஆகும். பயிற்சியாளரின் அறிவுறுத்தல் எதுவும் இதில் இல்லை." இரண்டு வரிதான். மதியம் படித்தபோது தன்னிச்சையாக என்ற சொல்லில் அமலியின் கண் நின்றது, அதற்கு மேல் ஓடவில்லை. தன்னிச்சை. தன் இச்சை. இவளுக்கு என்ன இச்சை இருந்திருக்கும் அந்த நேரத்தில், வியர்வை கண்ணுக்குள் போய், நாற்பது வினாடி மீதி இருக்கும்போது. "அடுத்த ஜோடி வா, கால் குறுக்கே போகக் கூடாது, இழுத்து இழுத்து வை. ஏட்டி, நிமிராதே, நிமிர்ந்தா தாண்டிப் போயிருவா."

பதினோரு நாளுக்கு முன்னால், சனிக்கிழமை, அரையிறுதி. இரண்டு பாயிண்ட் முன்னிலை, நாற்பது வினாடி மீதி. எதிர் அணியில் ஒன்பதாம் நம்பர் நிவாஷினி, மெலிந்த பிள்ளை, ஒற்றைப் பின்னல், அவள் ஒருத்தியே இருபத்தாறு போட்டிருந்தாள். அமலி டைம்-அவுட் கேட்டாள். ஒரு நிமிஷம். ஐந்து பேரும் ஓடி வந்து சுற்றி நின்றார்கள், வியர்வை நாற்றம், யாரோ தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள், பார்க்க வந்த பையன்கள் எண்ணெய் டின்னை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அமலி பலகையில் கோடு போட்டாள், முன்னால் ரெண்டு பேர், பின்னால் மூணு பேர், பந்து இந்தப் பக்கம் போனால் இப்படி நகருங்கள் என்று அம்புக்குறி போட்டாள், அவசரத்தில் கோடு கோணலாகப் போயிற்று. அப்புறம் பலகையைப் போட்டுவிட்டு இசக்கியின் பனியனைத் தோளோடு சேர்த்துப் பிடித்து இழுத்து, முகத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துச் சொன்னாள். என்ன சொன்னாள்? இங்கேதான் பதினோரு நாளாகச் சுற்றுகிறது. ஒன்பதை எப்படியும் நிறுத்திருவே என்று சொன்னாளா, எப்படியாவது நிறுத்து என்று சொன்னாளா. எப்படியும் நிறுத்திருவே என்றால் அது நம்பிக்கை, தோளில் தட்டிக் கொடுப்பது, எந்தக் கோச்சும் சொல்வது. எப்படியாவது நிறுத்து என்றால் அது வேறே. எப்படியும் என்று பாத்திரம் விளக்கும்போது சொல்லிப் பார்த்தாள். எப்படியாவது என்று படுக்கையில் மல்லாந்து சொல்லிப் பார்த்தாள். வாய் எந்தப் பக்கம் பழக்கமாகக் கோணுகிறது என்று சோதிப்பது போல இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்ததில், இரண்டுமே தான் சொன்னது போலவும் இரண்டுமே யாரோ சொன்னது போலவும் ஆகிவிட்டது.

ஆட்டம் மறுபடி தொடங்கிப் பத்து வினாடிக்குள் பந்து கைமாறி நிவாஷினி தனியாகக் கூடையை நோக்கி ஓடினாள். இசக்கி பக்கவாட்டில் குறுக்கே வந்தாள். நிவாஷினியின் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பிய பிறகு, காற்றில் இருக்கும்போது, தள்ளினாள். கையால் இல்லை, தோளால், முழு உடம்பால். அந்தப் பிள்ளை இடது கையை ஊன்றி விழுந்தது. டின் சத்தத்துக்கு நடுவிலும் அந்தச் சத்தம் கேட்டது. பச்சைக் குச்சியை ஒடிப்பது மாதிரி என்று மறுநாள் நஸ்ரின் சொன்னாள், இல்லை, அப்படி இல்லை, அதைவிடச் சின்னச் சத்தம், யாரோ நெட்டி முறிப்பது போல. இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து போயிருந்தது. இசக்கியை வெளியே அனுப்பினார்கள். அடிபட்டவளுக்குப் பதிலாக இறங்கிய பிள்ளை, தவறுக்குத் தண்டனையாகக் கிடைத்த ஃப்ரீ த்ரோ இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாள், கடைசி ஷாட்டும் வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. ஐம்பத்தொன்று, ஐம்பது. ஜெயித்தது நாம்தான். பிள்ளைகள் குதித்தார்கள், அமலியும் குதித்தாளா? குதித்தாள். ஸ்ட்ரெச்சர் இன்னும் மைதானத்தை விட்டுப் போகவில்லை, இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், தூக்கிய பிறகுதான் எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைமுடியைச் சரி செய்வது போலக் கீழே கொண்டுவந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இசக்கிதான் பார்த்திருக்க வேண்டும், அவள்தான் கோட்டுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"பேசுங்கட்டி! பேசாம ஆடுனா எவளுக்கு எவ எங்க நிக்கான்னு எப்படித் தெரியும்? உதவின்னு கத்து. இடதுன்னு கத்து." பிள்ளைகள் கத்தினார்கள். ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்து விட்டிருந்தாள், இசக்கி எதிர் அணியில். விசாரணை முடியும் வரை ஆட முடியாது, இறுதி ஆட்டத்தில் அவள் இல்லை. ஆனாலும் தினமும் வருகிறாள், முதல் ஆளாக வந்து பந்துகளுக்குக் காற்று பார்த்து வைக்கிறாள். யாரும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் அம்மா மட்டும் திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள், துறைமுகத்துக் கேன்டீனில் வேலை பார்க்கிறவள், சீருடைச் சேலையோடு. "டீச்சர், எம்பிள்ளை சாப்பிட மாட்டேங்கா. என்ன கேட்டாலும் நாந்தாம்மா தள்ளுனேன், நாந்தாம்மா தள்ளுனேன்னு அதையே சொல்லுதா. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா." ஒரு வார்த்தை. அமலி சரி என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு நிவாஷினி படுத்திருந்த மருத்துவமனைக்குப் போனாள், அதாவது மருத்துவமனைக்கு எதிரில் இருக்கும் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள், ஒரு டஜன் சாத்துக்குடியோடு. உள்ளே போய் என்ன சொல்வது? நிவாஷினியின் அப்பா, நீங்கள் யார் என்று கேட்டால் கோச் என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை சிரித்தால் என்ன செய்வது. சிரிக்கிற பிள்ளை அது, ஆட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தது. மூன்று பஸ் வந்து போயிற்று, நாலாவதில் ஏறி வந்துவிட்டாள். சாத்துக்குடியை மறுநாள் பிள்ளைகளுக்கே உரித்துக் கொடுத்தாள். இசக்கியும் இரண்டு சுளை தின்றாள். எதற்காக வாங்கினது என்று தெரியாமல் தின்றாள்.

நானும் ஆடினவள்தானே, என்று அமலிக்கு எரிச்சலாக வந்தது, யாரோ குற்றம் சாட்டி இவள் பதில் சொல்வது போல. நான் ஆடும்போது முழங்கையை எங்கே வைத்தால் நடுவர் கண்ணில் படாது என்று எனக்குத் தெரியும். பதினேழு வயசில் பாளையங்கோட்டையில் ஒருத்தியின் விலாவில் வைத்தேன், அவள் மூச்சுப் பிடித்துக் குனிந்தாள், நான் பந்தை எடுத்துக்கொண்டு போனேன், ராத்திரி ஹாஸ்டலில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவள் பெயர் என்ன? தெரியாது. நம்பர் கூட ஞாபகமில்லை. விலா எலும்புக்குக் கீழே மெத்தென்று முழங்கை போய் உட்கார்ந்தது மட்டும் முழங்கைக்கு ஞாபகமிருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அதையெல்லாம் நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரவில்லைதான். ஆனால் இசக்கி ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தியை இடுப்பால் இடித்துவிட்டுப் பந்தைப் பிடுங்கியபோது, தப்பு என்று விசில் ஊதிவிட்டு, ஊதின வாயாலேயே சிரித்தேனே. அவள் பார்த்தாள். ஒரே முறை போதும் அவளுக்கு. அமலிக்குக் காது மடல் சுட்டது. மணி ஐந்தே கால். கையெழுத்துப் போட்டுவிட்டால் இவளுக்கு ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அடுத்த வருஷம் பிளஸ் டூ, அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் என்று அவள் அம்மா நம்பிக்கொண்டிருப்பதும் முடிந்தது. போடாவிட்டால் என்னை எடுத்துவிடுவார்கள். இந்தக் கோர்ட்டை விட்டால் எனக்கு வேறே எங்கே நிற்கத் தெரியும்? சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாதே.

விசில் ஊதினாள். "தண்ணி குடிங்க. அஞ்சு நிமிஷம். இசக்கி, இங்கன வா."

இசக்கி வந்தாள், மூச்சு வாங்காமல். ஓடாதவளுக்கு மூச்சு எங்கே வாங்கும். பெஞ்சில் உட்காரச் சொன்னாள், அவள் உட்காரவில்லை. பை இருவருக்கும் நடுவில் இருந்தது.

"அன்னிக்கு டைம்-அவுட்ல நான் உன்கிட்டச் சொன்னேன்லா" என்று அமலி ஆரம்பித்தாள். "அது என்னன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

இசக்கி தரையைப் பார்த்தாள். "இல்ல மிஸ்."

"பயப்படாம சொல்லு. நான் என்ன வார்த்த சொன்னேன்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல மிஸ். அந்தப் பயலுவ டின்ன அடிச்சிட்டே இருந்தானுவ. உங்க வாய் அசைஞ்சுது. சரி மிஸ்னு தலையாட்டுனேன். அவ்வளவுதான்."

"கேக்கவே இல்லியா?"

"சத்தியமா கேக்கல மிஸ்." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "அவ என்னைத் தாண்டித் தாண்டிப் போகும்போதெல்லாம் சிரிச்சா மிஸ். என்னப் பாத்துச் சிரிக்கலன்னு இப்பத் தெரியுது, அவ மொகமே அப்படித்தான். அப்ப எனக்கு என்னப் பாத்துச் சிரிக்க மாதிரியே இருந்துச்சு. விழட்டும்னு நெனச்சேன். நெனச்சுதான் தள்ளுனேன். இப்ப கைய நீட்டுனாலே யாரோ விழுந்துருவாங்கன்னு இருக்கு."

அமலிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை அவள் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் மாற்றிச் சொல்ல முடியாது, முதலில் வந்தது நிம்மதிதான். உடம்பு முழுக்க இறங்கிற்று, வெயிலில் வந்து மோர் குடித்தது போல, வலது முழங்காலில் இரண்டு வருஷமாக இருக்கும் வலி கூட ஒரு நொடி இல்லாமல் போயிற்று. கேட்கவில்லை. காதில் விழவே இல்லை. அப்படியென்றால் அந்த இரண்டு வரியும் உண்மைதான், தன்னிச்சையாக, அறிவுறுத்தல் எதுவும் இல்லை, பேனா எங்கே. கை பையின் ஜிப்பைத் திறந்துவிட்டது. கடிதம் நாலாக மடிந்து மேலேயே இருந்தது. அதைப் பிரித்தபோதுதான் இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை இவளையே பார்த்துக்கொண்டிருந்தது, மிஸ் எதற்கு இப்படிப் பெருமூச்சு விடுகிறாள் என்று புரியாமல். பதினோரு நாளாகச் சாப்பிடாமல், நான்தான் நான்தான் என்று இந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டு திரிகிற இடத்தில் எனக்கு மோர் குடித்த மாதிரி இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் போகும்போது தூக்கிய இரண்டு கைகள். அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது, தேடாமலே, எந்த வார்த்தை என்று. எப்படியாவது. எப்படியாவது நிறுத்து, விழுந்தாலும் பரவால்ல. விழுந்தாலும் பரவால்ல என்பதும் இருந்தது. அந்த வால்பகுதியைத்தான் பதினோரு நாளாக இரண்டு சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தது. இவளுக்குக் கேட்கவில்லை, சரி. வாய் அசைந்ததே, பனியனைப் பிடித்து இழுத்த கையின் பிடி இருந்ததே, முகத்துக்கு முன்னால் இருந்த என் முகம் எப்படி இருந்திருக்கும் அப்போது.

"நீ தள்ளுனது நீ தள்ளுனதுதான்" என்றாள் அமலி. "அது இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா விழுந்தாலும் பரவால்ல, எப்படியாவது நிறுத்துன்னு நான் சொன்னேன். உனக்குக் கேக்கல. சொன்னது நான்தான்."

குழாயடியில் பிள்ளைகள் தண்ணீரை வாரி அடித்துக்கொள்ளும் சத்தம். "நீங்களா மிஸ்?" என்றாள் இசக்கி. திட்டுகிற குரல் இல்லை, ஆச்சரியம் மாதிரியும் இல்லை, இதுவரை தெரிந்த ஓர் ஆளின் பெயரை மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் குரல். "ஆமா" என்றாள் அமலி. இசக்கி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். அமலி தோளில் கை வைக்கப் போனாள், அதே தோள், வைக்கவில்லை.

அலுவலகத்தில் மின்விசிறி கடகடத்தது. டைப் அடித்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே அமலி கையால் எழுதிக் கொடுத்தாள், எட்டு வரி. சிஸ்டர் பெர்னதெத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இத அனுப்புனா ஞாயித்துக்கிழமை உன்னை பெஞ்சுல உக்கார விட மாட்டாங்க, அமலி. அதுக்கப்புறம் எத்தன மாசம்னு எனக்குத் தெரியாது."

"தெரியும் சிஸ்டர்."

"பிள்ளைக்குக் காதுலயே விழலன்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் எதுக்கு இது?"

"எனக்குக் கேட்டுச்சு சிஸ்டர்."

சிஸ்டர் மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒரு இடத்தில் சந்திப் பிழையைப் பேனாவால் திருத்தினார். "இதை வேற தாள்ல திருத்தமா எழுதிக் கொடு, தாள் அந்த டிராயர்ல இருக்கு" என்றார். அமலி அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். மேஜைக்கு அடியில் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது, ஒரு பந்தைத் தட்டுகிற வேகத்தில், நிறுத்தினால் மறுபடி ஆரம்பித்தது.

கோர்ட்டுக்குத் திரும்பியபோது பயிற்சி முடியப் பதினைந்து நிமிஷம் மீதி இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நீட்டவில்லை, அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வர மாட்டேன் என்று முடித்தாள். கேப்டன் நஸ்ரின்தான் கேட்டாள், "அப்ப டைம்-அவுட் யாரு மிஸ் கேப்பா?"

"கோச் இல்லாட்டி கேப்டன் கேக்கலாம். நீதான் கேக்கணும்."

"கேட்டு என்ன சொல்ல?"

பதினெட்டு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. பாஸ் சொல்லிக் கொடுத்தாள், ஒரு காலை ஊன்றித் திரும்பும் பிவட் சொல்லிக் கொடுத்தாள், முதுகால் ஆளைத் தேடிப் பின்னுக்குத் தள்ளிப் பந்தை எடுக்கச் சொல்லிக் கொடுத்தாள், அந்த நிமிஷத்தில் மட்டும் அவள் பேசினாள், அவர்கள் தலையாட்டினார்கள். "மொதல்ல எல்லாருக்கும் கேக்குதான்னு கேளு" என்றாள். "அப்புறம் அவங்க என்ன பாத்தாங்கன்னு கேளு. உள்ள ஆடுறவளுக்குத் தெரியறது வெளிய நிக்கவளுக்குத் தெரியாது. இப்பச் செஞ்சு பாருங்க. ரெண்டு பாயிண்ட் முன்னால இருக்கோம், நாப்பது செகண்ட் இருக்கு. இசக்கி, நீயும் போ. எதிர் டீம்ல நின்னவ நீதான், இவங்களுக்கு எங்க ஓட்டை இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்."

விசில் ஊதினாள். இசக்கியோடு சேர்த்து ஆறு பேரும் நடுவில் கூடித் தலையோடு தலை சேர்த்துக்கொண்டார்கள். அமலி கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பத்து வினாடி, யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. இருபது. நஸ்ரினின் முதுகு மட்டும் தெரிந்தது. துறைமுகத்துச் சங்கு ஊதியது, அதுவும் சேர்ந்து எதையோ அமுக்கிவிட்டது. யாரோ ஒருத்தி பேசினாள், யார் என்று தெரியவில்லை, வேறொருத்தி மறுத்தாள், ஒரு கை உயர்ந்து மேற்கு வளையத்தைக் காட்டிற்று. என்ன சொல்கிறார்கள்? பின்னால் மூணு பேர் நிற்பதை மறந்துவிடப் போகிறார்கள், அதைச் சொல்ல வேண்டும், அதை மட்டுமாவது சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஒரு கால் கோட்டைத் தாண்டிவிட்டது. பின்னால் எடுத்தாள். நாற்பது. அறுபது ஆனதும் ஊதினாள். வட்டம் கலைந்து ஐந்து பேர் இடம் பிடித்தார்கள், முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. அவள் ஒரு நாளும் சொல்லிக் கொடுக்காத வரிசை. தப்பு, தப்புட்டி, தலைகீழா நிக்கீங்க என்று கத்த வாயைத் திறந்தாள், விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது. பந்து உள்ளே வந்துவிட்டது. அமலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.